முக்காலியின் மூன்றாவது சண்டை

அன்று ஞாயிற்றுக்கிழமை. மொட்டைமாடிக் கொடியில் காய்ந்த போர்வைகளை அம்மாவும் மகளும் மடித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு முனை. அம்மா கைகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால்தான் போர்வை தரையைக் கூட்டாமல் இருக்கும். ஒவ்வொரு மடிப்புக்கும் அவள் எதிரே நடந்துவந்து தன் முனைகளை மகளிடம் ஒப்படைக்க வேண்டும். வந்தாள். நேராக வரவில்லை. முட்டியை மடக்கி, போர்வைக்கு அடியில் புகுந்து, மகளின் இடது பாதத்துக்கு வெளிப்பக்கமாகக் கால் வைத்து, விலாவில் ஒரு குத்து விட்டாள். செல்லக்குத்துதான். வலித்தது.

"அம்மா! போர்வையை மடிக்க விடு."

"மடிச்சாச்சு. உன்னையும் சேர்த்து மடிச்சாச்சு. அடுத்ததை எடு."

நான்கு போர்வை, நான்கு குத்து.

செவ்வாய்க்கிழமை காலை, டிப்போவில், முதல் ட்ரிப்புக்குக் கிளம்ப நின்ற பஸ்ஸின் படியில் அம்மா உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் டாக்டர். வயது நாற்பத்தேழு.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அம்மாவின் பொறுமையைப் பற்றிப் பேசினார்கள். மகளுக்கு எரிச்சலாக இருந்தது. அம்மாவுக்குப் பொறுமை கிடையாது. பால் பொங்கும் வரைகூட நிற்க மாட்டாள். அடுப்பைக் கூட்டி வைப்பாள். மகள் யாரையும் திருத்தவில்லை. சுவரில் சாய்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. மூன்று ரவுண்டு, ரவுண்டுக்கு இரண்டு நிமிடம். எட்டு வருடத்துக்கு முந்தைய ஆறு நிமிடச் சண்டை.

அம்மாவின் உயரம் நூற்று நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். அவளைக் கேட்டால் நூற்று ஐம்பது என்பாள். அந்த இரண்டு சென்டிமீட்டர் செருப்பு. பஸ் கண்டக்டர் வேலை. பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயர்ப் பலகையை மாற்ற அவளுக்குக் கை எட்டாது. அதனால் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன முக்காலி வைத்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே டிப்போ முழுக்க அவளுக்கு அதுதான் பெயர். "முக்காலி வந்தாச்சா?" "முக்காலிக்கு மூணாம் நம்பர் பஸ்." சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயரை யாரும் பார்த்ததில்லை.

அவள் முப்பத்தேழு வயதில் குத்துச்சண்டைக்குப் போனதே ஒரு கேலியில் தொடங்கியது. அரசுத் துறைகளுக்கிடையே ஆண்டுதோறும் விளையாட்டுப் போட்டி நடக்கும். பெண்கள் குத்துச்சண்டையில் டிப்போ சார்பில் ஆளே இல்லை. அறிவிப்புப் பலகையில் இருந்த வெற்றுக் கோட்டில் எவனோ ஒருவன் பென்சிலால் 'முக்காலி' என்று எழுதிவைத்தான். அம்மா அதைப் பார்த்தாள். கூட்டம் சிரிக்கத் தயாராக நின்றது. அம்மா தன் பேனாவை எடுத்து, பென்சில் எழுத்தின் மேலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு விசில் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

டிப்போவில் ஒரு மெக்கானிக் இருந்தார். இளவயதில் குத்துச்சண்டை ஆடி மூக்கை உடைத்துக்கொண்டவர். மகள் அவரை மாமா என்று கூப்பிடுவாள். அம்மாவைவிட இரண்டு வயது சின்னவர். அவர்தான் முதல்நாள் அம்மாவின் கையில் துணி சுற்றிவிட்டார்.

"அக்கா, இதுல எடைதான் கணக்கு. உயரம் கணக்கில்ல. உங்க எடைக்கு எதிர்ல ஒரு பனைமரம்கூட வரலாம். பரவாயில்லையா?"

"பனைமரத்துக்குக் கையா இருக்கு? பார்த்துக்கலாம்."

வந்த பனைமரத்துக்குக் கை இருந்தது. நீளமான கை. தீயணைப்புத் துறையில் வேலை செய்யும் பெண். உயரம் நூற்று எழுபத்திரண்டு. எடை அம்மாவின் எடைதான். மேலே இழுத்துவிட்ட மாதிரி ஒல்லி. ரிங்கில் அவளைப் பார்த்த நொடியே அம்மா அவளுக்கு ஏணி என்று பெயர் வைத்துவிட்டாள். தீயணைப்புக்காரர்களுக்கே அது பிடித்துப்போய், அவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

முதல் ஆண்டு, ரிங் முழுக்க அம்மா ஏணியைத் துரத்தினாள். ஓடுகிற பஸ்ஸைத் துரத்துவதுபோல, நேர்கோட்டில். ஏணி பின்னால் நகர்ந்துகொண்டே இடது கையை நீட்டினாள். அம்மாவே ஓடிவந்து முகத்தை அதில் கொடுத்தாள். கீழே உட்கார்ந்து மகள் எண்ணினாள். நாற்பத்தோரு குத்து. அம்மா திருப்பிக் கொடுத்தது ஆறு.

இரண்டாம் ஆண்டு, இடுப்பை வளைத்துக் குனிந்து, தரையைப் பார்த்துக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். எதிராளியின் இடுப்புக்குக் கீழே தலை போகக் கூடாது என்பது விதி. நடுவர் இரண்டு முறை எச்சரித்துப் புள்ளிகளைக் குறைத்தார். மூன்றாவது முறை நடுவருக்கு வேலையே இல்லை. கீழிருந்து மேலே வந்த ஏணியின் வலது கை, குனிந்த மோவாயை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டது.

"தண்ணிக்குள்ள முகம் கழுவப் போன மாதிரி போனீங்களேக்கா," என்றார் மெக்கானிக்.

"தண்ணின்னுதான் நினைச்சேன். பாறை," என்றாள் அம்மா, வீங்கிய உதட்டோடு.

மூன்றாம் ஆண்டுப் போட்டி நடக்கும்போது அம்மாவுக்கு நாற்பது முடிய ஐந்து வாரம் பாக்கி இருக்கும். நாற்பது முடிந்தவர்களை ரிங்கில் ஏற்ற மாட்டார்கள். ஆக, இதுதான் கடைசி. இதை விட்டால் வாழ்நாள் முழுக்க ஏணியிடம் இரண்டுக்குப் பூஜ்யம் என்றே இருந்துவிட வேண்டியதுதான்.

"ஒருதடவை," என்றாள் அம்மா, சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்தி வைத்து. "ஒரே ஒருதடவை அவளை ஜெயிச்சிட்டேன்னா போதும். அப்புறம் அந்தக் கையுறையில வெங்காயம் போட்டு வெச்சுக்கறேன்."

அப்பா தையற்காரர். வாயில் குண்டூசியோடு பேசிப் பழகியவர். "எனக்கு இருக்கிறது ஒரு பெண்டாட்டி. அவளைக் கொண்டுபோய் ஒரு தீயணைப்பு வண்டிக்கு முன்னால நிறுத்தணுமா?"

"வண்டி இல்லப்பா. ஏணி மட்டும்தான்," என்றாள் மகள்.

மகளுக்கு அப்போது இருபது வயது. நில அளவைப் படிப்பில் கடைசி ஆண்டு. எதைப் பார்த்தாலும் அளக்கத் தோன்றும் பருவம். இந்த ஆண்டு திட்டம் தன்னுடையது என்று சொல்லிவிட்டாள். மெக்கானிக் ஒப்புக்கொண்டார். இரண்டு முறை தோற்ற பிறகு வேறு யாராவது பழியை ஏற்றுக்கொள்வது நல்லதுதானே என்று நினைத்திருப்பார்.

பழைய போட்டியின் புகைப்படங்களை எடுத்தாள். ரிங்கைச் சுற்றியிருக்கும் கயிற்றின் உயரம் தெரியும். அதை அளவுகோலாக வைத்து ஏணியின் கை நீளத்தைக் கணக்கிட்டாள். வரைபடத் தாளில் ஏணியைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டாள். பெரிய வட்டத்துக்கு வெளியே நின்றால் ஏணியின் கை எட்டாது. சின்ன வட்டத்துக்குள் போய்விட்டால் அந்த நீளக் கையை மடக்கிக் குத்த இடம் இருக்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு பட்டை. அதைச் சிவப்பில் தீட்டினாள்.

"அம்மா, அடி வாங்குற இடம் இது ஒண்ணுதான். ரெண்டு வருஷமா நீ இங்கேயே குடியிருந்திருக்க."

"வாடகை கொடுத்தாச்சு," என்றாள் அம்மா, உதட்டைத் தடவிக்கொண்டு.

"வெளிய நில்லு, இல்ல உள்ள நில்லு. நடுவுல நிக்காத. நடுவுல யோசிக்கவும் செய்யாத."

டிப்போவின் பணிமனையில், மதிய ஷிப்டு மாறும் இடைவெளியில், எண்ணெய்க்கறை படிந்த தரையில் சுண்ணாம்புக்கட்டியால் அந்த வட்டங்களைப் போட்டாள். நீளமான ஒட்டடைக் குச்சியின் நுனியில் ஒரு கையுறையைக் கட்டினாள். அதுதான் ஏணியின் இடது கை. குச்சியின் முதுகில், கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டத்தைக் கம்பி போட்டுக் கட்டினாள். குமிழி நடுவில் நின்றால்தான் குத்துவாள். ஒவ்வொரு குத்தும் ஒரே உயரத்தில், ஒரே மட்டத்தில் வர வேண்டும். அந்த ஏற்பாட்டில் அவளுக்குத் தனிப் பெருமை.

மெக்கானிக் அதைப் பார்த்துச் சிரித்தார். "குத்து விடுறதுக்கு மட்டம் பார்க்கிறியே, பைப்பா பதிக்கப் போற?"

"துல்லியம் வேணும் மாமா."

எட்டு வாரம். அம்மா ஒவ்வொன்றாகக் கற்றாள். தலையை ஒரே இடத்தில் வைக்காதே. உள்ளே போகும்போது வயிற்றைப் பார்த்து இடது கையால் இரண்டு. ஒன்று போதாது, முதல் குத்து ஏணியின் கையைக் கீழே கூப்பிட, இரண்டாவது உன்னை உள்ளே கூட்டிப்போக. இடுப்பை மடக்காதே, முட்டியை மடக்கு. கண் எப்போதும் ஏணியின் மார்பில். ஏணி கையை நீட்டும்போது போகாதே; நீட்டிய கை திரும்பும்போது அதோடு சேர்ந்து போ.

"பஸ் கதவு மூடுறப்ப ஏறுறவன் மாதிரி," என்றாள் அம்மா.

"அதேதான்."

"அவனுங்களை நான் திட்டுவேனே."

உள்ளே போனதும் விலாவில் மூன்று. நின்று அழகு பார்க்காதே. பக்கவாட்டில் வெளியே வா, கையை முகத்தருகே வைத்துக்கொண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, துரத்தாதே. ஏணி வலப்பக்கம் நகர்ந்தால் நீ பின்னால் ஓடாதே, குறுக்கே நட. ரிங் சதுரம், அதற்கு நான்கு மூலைதான். வழியை அடைத்தால் ஏணியே மூலைக்கு வந்து சேர்வாள்.

அந்த எட்டு வாரமும் அம்மாவின் பஸ்ஸில் பயணம் செய்தவர்கள் ஒரு கண்டக்டர் நடைபாதையில் குறுக்கும் நெடுக்கும் முட்டியை மடக்கியபடி போய்வருவதைப் பார்த்திருப்பார்கள். மூட்டுவலி என்று நினைத்து ஒரு பெரியவர் எழுந்து இடம்கூடக் கொடுத்தாராம்.

போட்டி நகராட்சி உள்ளரங்கில், பிற்பகல் மூன்று மணிக்கு. ஒருபக்கம் தீயணைப்புக்காரர்கள், மறுபக்கம் டிரைவர்களும் கண்டக்டர்களும். அப்பா தானே தைத்த சிவப்புக் கால்சட்டையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அரங்குக்கு வெளியே குடிநீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்றுகொண்டார். அவரால் பார்க்க முடியாது. பார்க்காமலும் இருக்க முடியாது. கதவருகே நின்ற காவலாளியைத் தொணதொணவென்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

ரிங்கின் மூலையில் மெக்கானிக்கும் மகளும். இடைவேளையில் அம்மா உட்கார ஒரு சின்ன முக்காலி கொண்டுவந்து வைத்தார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு தீயணைப்புக்காரர் கத்தினார்: "யோவ், அதுல எது முக்காலி?"

அரங்கமே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். பல் கவசத்தைக் கடித்துக்கொண்டாள்.

மணி அடித்தது.

அம்மா வட்டத்துக்கு வெளியே நின்றாள். அழகாக நின்றாள். ஏணியின் கை வந்து அரை அடி முன்னால் காற்றில் நின்று திரும்பியது. கணக்கு சரி! தூரம் சரி! அம்மா பழகியபடி ஒரு சாண் தாழ்ந்தாள், குச்சிக்கு அடியில் தாழ்கிற அதே ஒரு சாண். பிறகு கால் எடுத்து வைத்தாள்.

டப்.

நெற்றியில். அம்மா பின்வாங்கினாள். மறுபடி தாழ்ந்தாள். மறுபடி டப். இன்னும் தாழ்ந்தாள். குத்து இன்னும் கீழே வந்து அவளைத் தேடிப் பிடித்தது. எட்டு வாரம் பழகியது இரண்டு நிமிடம்கூடப் பலிக்கவில்லை. தீயணைப்புக்காரர்கள் ஒவ்வொரு குத்துக்கும் சேர்ந்து எண்ணினார்கள். "ஒன்பது! பத்து!"

மகள் ரிங்கின் தரைமட்டத்தில் கண் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஏணியின் கை மட்டமாக வரவில்லை. உயரமான தோளிலிருந்து கீழ்நோக்கிச் சரிந்து வந்தது. வேறெப்படி வரும்?

நில அளவையில் முதல் பாடமே அதுதான். சரிவில் அளந்த தூரத்தைச் சமதளத் தூரமாக மாற்றிப் படத்தில் போடு. அவளுக்கு அது மூச்சு விடுவதுபோல் பழகிப்போயிருந்தது. ஏணியையும் அப்படியே மாற்றிவிட்டாள். மேலிருந்து பார்க்கும் படத்தை மட்டும் வரைந்தாள். பக்கத்திலிருந்து ஒரு படம் போடவே இல்லை. போதாக்குறைக்குக் குச்சியில் ரசமட்டம் வேறு.

மணி அடித்தது. அம்மா வந்து உட்கார்ந்தாள். நெற்றி சிவந்திருந்தது. ஒரு நிமிடம்தான் இருந்தது.

"அம்மா, தப்பு என் மேல. குச்சியை மட்டமா பிடிச்சுட்டேன். அவ கை சரிஞ்சு வருது."

"அது என் நெத்திக்கே தெரிஞ்சுபோச்சு. அடுத்ததைச் சொல்லு."

"தூரத்துல நின்னு குனிஞ்சா கையும் கூடவே இறங்குது. அந்தச் சரிவுக்குக் கீழ்முனை அது. தோள் பக்கம்தான் உயரம் இருக்கு. குனிஞ்சிட்டுப் போகாத. போய்க்கிட்டே குனி. கிட்ட போகப் போக இடம் கூடும்."

அம்மா வாயைக் கொப்பளித்து வாளியில் துப்பினாள். எதிர் மூலையில் உட்கார்ந்திருந்த ஏணியைப் பார்த்தாள். கண் சுருங்கியது.

"முன் சீட்டு முதுகைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிற நெட்டைக்காரன்," என்றாள்.

"என்னம்மா?"

"பஸ்லடி! ஒரு நாளைக்கு இருநூறு தடவை அவன் கைக்கு அடியில போறேன். கைப் பக்கமா போனா மண்டை இடிக்கும். அக்குள் பக்கமா போனா கோட்டை வாசல் மாதிரி திறந்திருக்கும். இதுக்கா எட்டு வாரம் குச்சியை வெச்சு குத்தின?"

மெக்கானிக் அவள் வாயில் பல் கவசத்தைத் திணித்தார். "அக்கா, அக்குள் வாசனை எல்லாம் பார்க்காதீங்க. உள்ள போங்க."

இரண்டாவது ரவுண்டு.

அம்மா மாறிவிட்டிருந்தாள். அது ரிங்கில் நிற்கும் அம்மா இல்லை. நெரிசல் நேரத்துப் பஸ்ஸில் நிற்கும் அம்மா. கால் அகன்றது. முதுகு நிமிர்ந்தே இருந்தது. ஏணியின் கை வந்தது, திரும்பியது. அம்மா வயிற்றைப் பார்த்து இடது, மறுபடி இடது, அந்த இரண்டாவதோடு சேர்ந்து அவளும் போனாள். போய்க்கொண்டே முட்டி மடங்கியது. நீண்டு வந்த அடுத்த குத்து அவள் தலைமுடியைக்கூடத் தொடாமல் மேலே போயிற்று. ஏணியின் முன்பாதத்துக்கு வெளியே அம்மாவின் கால். அக்குளுக்கு அடியில் அம்மாவின் தலை. விலாவில் ஒன்று. இரண்டு. மூன்று!

"உஃப்" என்று ஏணி மூச்சு விட்டது மூலைவரை கேட்டது.

அம்மா பக்கவாட்டில் வெளியே வந்துவிட்டாள். ஏணி திரும்பிப் பார்த்தபோது அங்கே ஆள் இல்லை.

கண்டக்டர்கள் பெஞ்சு மேல் ஏறிவிட்டார்கள். யார் தொடங்கியது என்று தெரியவில்லை. காலையிலிருந்து மாலைவரை தாங்கள் கத்தும் அதே வாக்கியத்தைக் கத்தினார்கள். "உள்ள போங்க! உள்ள போங்க! உள்ள நிறைய இடம் இருக்கு!" அம்மா மறுபடி உள்ளே போனாள். "முன்னாடி போங்க! நகருங்க!" போனாள். ஒவ்வொரு முறையும் மூன்று, ஒருமுறை நான்கு. நான்காவது பேராசை, முழங்கையை மடக்கி ஏணி பக்கவாட்டில் விட்ட ஒரு குத்து அம்மாவின் காதில் விழுந்தது. அம்மா தலையை உலுக்கிக்கொண்டாள். மகள் எண்ணிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் பதினாறு, ஏணிக்கு ஏழு. அழுத்திய அழுத்தில் பென்சில் தாளைக் கிழித்தது.

மூன்றாவது ரவுண்டில் ஏணி தான் யார் என்று காட்டினாள். சும்மாவா இரண்டு முறை ஜெயித்தாள்? நின்று அடிப்பதை விட்டுவிட்டு வட்டமாக நகர ஆரம்பித்தாள். அம்மா உள்ளே வந்தால் கட்டிப்பிடித்து, தன் முழு எடையையும் அந்தச் சின்னத் தோள்களில் சாய்த்தாள். ஒரு மூட்டையைச் சுமப்பதுபோல் அம்மா சுமந்தாள். கால்கள் கனத்தன. அந்தக் கனத்தில் ஒருமுறை, தூரத்தில் நின்று குனியும் பழைய தவறைச் செய்தாள். ஏணியின் வலது கை இறங்கி வந்தது. முழுக் குத்து. அம்மாவின் கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. நடுவர் குறுக்கே வந்து விரல்களை விரித்து எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று.

அரங்கம் அடங்கிவிட்டது. வெளியே அப்பாவின் குரல் கேட்டது: "ஏன் சத்தமே காணோம்? என்னய்யா ஆச்சு?"

எட்டு எண்ணியதும் அம்மா கைகளைத் தூக்கிக் காட்டினாள். நடுவர் அவள் கண்ணைப் பார்த்தார். சரி என்றார். இன்னும் நாற்பது வினாடி.

"அக்கா! துரத்தாதீங்க! வழியை அடைங்க!" மெக்கானிக்கின் குரல் பிளந்துபோயிருந்தது.

அம்மா துரத்தவில்லை. ஏணி இடப்பக்கம் போனாள். அம்மா குறுக்கே ஒரு அடி. வலப்பக்கம் போனாள், அம்மா குறுக்கே ஒரு அடி. இறங்கப் பார்க்கும் பயணியின் முன்னால் கதவருகே போய் நிற்கும் கண்டக்டரைப்போல. ஏணியின் முதுகில் மூலைக் கம்பத்தின் மெத்தை பட்டது. இனிப் பின்னால் போக இடமில்லை. ஏணி கையை நீட்டினாள். கை திரும்பியபோது அம்மாவும் அதோடு போய்விட்டாள். நெற்றி ஏணியின் மார்பில். விலா, வயிறு, விலா. ஏணியின் கைகள் விலாவைக் காக்கக் கீழே இறங்கின. அம்மா அந்த இரண்டு வருடமும் எட்டாமல் இருந்த மோவாயை நோக்கிக் கீழிருந்து வலது கையை விட்டாள். பட்டது! மறுபடி விலா. மறுபடி! மகள் எண்ணுவதை மறந்து, தாளைக் கசக்கி, என்ன கத்துகிறோம் என்று தெரியாமல் கத்தினாள்.

மணி.

புள்ளி போடுகிறவர்கள் மூன்று பேர். நடுவர் ஒருகையில் அம்மாவையும் மறுகையில் ஏணியையும் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். இரண்டுக்கு ஒன்று என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். யாருக்கு என்று சொல்ல அவ்வளவு நேரமா எடுத்துக்கொள்வது? பிறகு சிவப்பு மூலை என்றார்கள். நடுவர் நெட்டையானவர். அவர் கையைத் தூக்கியதில் அம்மாவின் குதிகால்கள் தரையை விட்டு எழும்பின.

மகள் வெளியே ஓடினாள். "ஜெயிச்சாச்சுப்பா!"

"யாரு? ஏணியா?"

"அம்மா!"

அப்பா குழாயடியில் இருந்த ஈரத்திண்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "சட்டை நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். கால்சட்டையைத்தான் அப்படிச் சொன்னார்.

அந்தப் போட்டியில் ஒரு வழக்கம். சுழற்கோப்பையைப் போன ஆண்டு ஜெயித்தவர் தன் கையாலேயே இந்த ஆண்டு ஜெயித்தவரிடம் கொடுக்க வேண்டும். ஜெயித்தவர் தானே கடைக்குக் கொண்டுபோய், முந்தைய பெயருக்குக் கீழே தன் பெயரை வெட்டிக்கொள்ள வேண்டும். ஏணி விலாவைப் பிடித்துக்கொண்டே வந்து கோப்பையை நீட்டினாள்.

"பேரை வெட்டிடுங்கக்கா. என் பேருக்குக் கீழ."

"கீழயா? மேல இடம் இல்லையா?" என்றாள் அம்மா. இருவரும் விலா வலிக்கச் சிரித்தார்கள்.

மறு ஆண்டு, ஆள் போதவில்லை என்று பெண்கள் குத்துச்சண்டையையே எடுத்துவிட்டார்கள். கோப்பையைக் கேட்டு யாரும் வரவில்லை.

அம்மா இறந்த மூன்றாம் நாள் ஏணி வந்தாள். வேலையிலிருந்து நேராக, சீருடையோடு. வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்து, அப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். பொறுமையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"மழை வந்தா என் விலாவுல உங்க அம்மா இன்னும் பேசுறாங்க," என்றாள் மகளிடம். மூன்று நாளில் முதல்முறையாக மகள் அழுதாள். ஏணி அவளை அழவிட்டாள். பிறகு, "அந்தக் கோப்பை எங்க? எடு, பார்க்கணும்," என்றாள்.

அலமாரியின் உச்சியிலிருந்து மகள் அதை எடுத்துக்கொடுத்தாள். ஏணி தூசியைக் கையால் துடைத்தாள். இரண்டு வரி. இரண்டிலும் ஏணியின் பெயர். அதற்குக் கீழே வெறும் பளபளப்பு.

"எட்டு வருஷமாவா?" ஏணிக்குக் கோபமே வந்துவிட்டது. "பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? மூணாவதும் நானே ஜெயிச்சு, கோப்பையை இங்க மறந்து வெச்சுட்டுப் போனேன்னா?"

"நாளைக்கு, நாளைக்குன்னே சொல்லுவா," என்றார் அப்பா. "பேர் வெட்டுற கடை அவ ரூட்லதான் இருக்கு. தினம் எட்டுதடவை அதைத் தாண்டிப் போவா. அங்க ஸ்டாப் இல்லை."

ஏணி கோப்பையைச் சாய்த்தபோது உள்ளே ஏதோ சரசரத்தது. நான்காக மடித்த தாள். பழைய ட்ரிப் ஷீட்டின் பின்பக்கம், அம்மாவின் பேனா எழுத்து. மகள் அதை விரித்து வாசித்தாள். மேலே அம்மாவின் முழுப்பெயர், முன்னெழுத்தோடு. அடுத்து ஆண்டு. அடுத்து கடைக்காரருக்கு இரண்டு வரி:

'எழுத்து மேலே இருக்கிற பேரின் அளவே இருக்கணும். இடம் போதலைன்னா நெருக்கிப் போடுங்க. உயரத்தைக் குறைக்காதீங்க.'

அதற்கும் கீழே, தனக்காக: 'சனிக்கிழமை, டூட்டி முடிஞ்சதும்.'

எந்தச் சனிக்கிழமை என்று எழுதியிருக்கவில்லை.